கம்பி போகாத அறை

"கம்பி போகாத அறைக்குள்ள கரண்ட் என்னெண்டு தம்பி போகும்?"

மரியமலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். 1974, தை மாதம். திருகோணமலையில் அரசாங்கக் குடியிருப்புகளைப் பராமரிக்கும் ஒரு கந்தோரில் நான் எழுத்து வேலை செய்யும் லிகிதராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வாடகை கட்டவும், கூரை ஒழுகுகிறதென்று முறையிடவும், பெயர் மாற்றவும் ஆட்கள் வருவார்கள். ஒரு கேள்வியோடு மட்டும் வந்த முதல் ஆள் இவர்தான். கழுத்தில் தையல்காரரின் அளவுநாடா தொங்கியது. எங்கோ சட்டைக்கு அளவெடுத்துவிட்டு அப்படியே வந்திருக்கிறார். முப்பத்தாறு வயதிருக்கும்.

எந்த அறை என்று கேட்டேன்.

"எங்கட மாடிவீட்டுக்குப் பக்கத்தில ஒரு சின்ன அறை பூட்டிக் கிடக்குது. கதவில மண்டையோடு கீறி, 'அபாயம், மின்சாரம்' எண்டு எழுதியிருக்குது. அஞ்சு வருசமாப் பயந்து ஒருத்தரும் கிட்டப் போறேல்லை. போன கிழமை மழைக்கு அதின்ர சுவரோட ஒதுங்கி நிண்டனான். சும்மா நிண்ட நேரம் சுத்திப் பாத்தா, ஒரு கம்பியும் உள்ள போகேல்லை."

"நிலத்துக்குக் கீழால போகுமாக்கும்."

"அப்ப கம்பத்தில இருந்து ஒண்டு கீழ இறங்க வேணுமே. அதையும் போய்ப் பாத்தனான். இல்லை."

எனக்குச் சொல்லித் தந்த பதிலைச் சொன்னேன். அது மின்சாரப் பகுதியின் விஷயம், எழுத்தில் தாருங்கள் என்றேன். "எழுதித் தந்தா அங்க என்ன இருக்குதெண்டு சொல்லுவீங்களோ?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். எனக்குத் தெரியாது என்றேன். "உங்களுக்குத் தெரியாதோ, கந்தோருக்கே தெரியாதோ?" என்று அதற்கும் ஒரு கேள்வி. பிறகு, ஏதோ முக்கியமான தகவல் கிடைத்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அவரை எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதையும் தெரிய வந்தது.

பாலையூற்றில் பிறந்தவர். தகப்பன் வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தார். கிழிந்துபோன மாலுமிச் சட்டைகளை எண்ணெய் துடைக்கவென்று கழித்துவிடுவார்கள். அவர் அவற்றில் இரண்டொன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். முதுகில் சதுரமாக விழும் அந்தக் கழுத்துப்பட்டியை எப்படிப் பொருத்தினார்கள் என்று பார்க்க, பத்து வயது மரியமலர் சட்டையை நூல் நூலாக அவிழ்த்தாராம். அவிழ்த்ததைத் திரும்பத் தைக்கத் தெரியாமல் அடி வாங்கியிருக்கிறார். இரண்டாவது சட்டையில் அடி வாங்கவில்லை. தையல் அவருக்கு வந்தது அப்படித்தான்.

1957இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது தகப்பனுக்கு வேலை போனது. மரியமலரின் தையலில்தான் வீடு ஓடியது. இரண்டு வருடம் கழித்து அல்பிரட் என்பவரைக் கட்டினார். துறைமுகத்தில் இழுவைப் படகில் கயிற்று வேலை. அதிகம் பேசாத மனிதர். "இவ கேக்கிற கேள்விக்கே நாள் போயிடும், நான் வேற கதைக்க வேணுமோ?" என்பார்.

1964 மார்கழிப் புயல் அவர்களுடைய வீட்டின் கூரையையும் ஒரு பக்கச் சுவரையும் கொண்டுபோனது. பல மாதம் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்பக்கம். லிங்கநகர்ப் பக்கமாக, உட்துறைமுகம் தெரியும் ஒரு மேட்டில் துறைமுகத் தொழிலாளருக்கென்று மாடிவீடுகள் கட்டினார்கள். இரண்டு கட்டடம், ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு, தட்டுக்கு நாலு வீடு. மொத்தம் இருபத்துநாலு குடும்பம். 1969இல் மரியமலருக்குக் கிடைத்தது மேல்தட்டு வீடு.

குசினிக்குள் போனதும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்தாராம். சீறிக்கொண்டு காற்று வந்தது. பிறகு ஒரு கறுத்த எறும்பு வந்தது. அவ்வளவுதான். அடுத்த கிழமை தண்ணீர் வரும் என்றார்கள். அந்தக் கிழமை ஐந்து வருடமாக வரவில்லை. மேல்தட்டுக்காரரும் நடுத்தட்டுக்காரரும் அந்தக் குழாயில் வெங்காயப் பை தொங்கவிட்டார்கள், கைதுடைக்கும் துணி போட்டார்கள். அது தண்ணீருக்கானது என்பதே சில பிள்ளைகளுக்குத் தெரியாது.

கீழ்த்தட்டு எட்டு வீட்டுக்கும் வீதிக் குழாயிலிருந்து நேரே தண்ணீர் வந்தது. மேலே இருந்த பதினாறு வீட்டுக்கும் முற்றத்தில் இரண்டு பொதுக்குழாய். காலையில் வாளி வரிசை, பின்னேரம் வாளி வரிசை. மேல்தட்டுக்கு நாற்பத்திரண்டு படி. மாசமாக இருந்த பெண்களும் ஏறினார்கள். முற்றத்தில் சண்டை இல்லாத நாள் இல்லை. மேலே இருந்தவர்கள் கீழே இருந்தவர்களைத் தண்ணீர்க்காரர் என்பார்கள். கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களைச் சிந்துகிறவர்கள் என்பார்கள், படியெல்லாம் ஈரம் என்று.

மரியமலருக்கு மட்டும் கீழே ஒரு சலுகை இருந்தது. பரீதா என்ற பெண்மணி தன் பின்பக்கக் குழாயில் இரண்டு வாளி பிடிக்க விடுவார். மரியமலரைவிட ஆறேழு வயது மூத்தவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல மரியமலரும் அவரை "ராத்தா" என்றே கூப்பிடுவார். பரீதாவின் கணவர் ஸெய்னுதீன், மரியமலருக்கு அண்ணன் முறையில் 'நானா', துறைமுக வேலைத்தளத்தில் குழாயும் இயந்திரமும் பொருத்தும் பிற்றர். புடவைத் துணியும் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம் அது. பரீதாவின் பழைய சாறியில் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் உடுப்பு வெட்டிக் கொடுத்தது மரியமலர்தான்.

கம்பி இல்லாத அந்த அறையைப் பற்றி மரியமலர் முதலில் கேட்டதும் பரீதாவிடம்தான்.

"என்ன புள்ள, அடைச்சிக் கிடக்கிறது கிடக்கட்டுமே. ஒனக்கு என்னத்துக்கு?"

"என்னத்துக்கு எண்டு தெரிஞ்சா நான் ஏன் ராத்தா கேக்கிறன்?"

அளவெடுக்கப் போன வீடெல்லாம் கேட்டார். காவல்காரர், உள்ளே கரண்ட் இருக்கிறது, தொட்டால் செத்துப்போவாய் என்றார். பாரந்தூக்கி ஓட்டும் ஒருவர், உலகச் சண்டைக்காலத்துக் குண்டுகள் இருக்கின்றன என்றார். கட்டடம் கட்டி முடிந்தது சண்டை முடிந்து இருபது வருடத்துக்குப் பிறகு என்பதை மரியமலர் அவருக்கு நினைவூட்டினார். ஒரு பெண், உள்ளே மேசனின் சீமெந்து மூட்டை என்றார். அந்தப் பதில் மட்டும் மரியமலருக்கு ஓரளவு பிடித்திருந்தது.

பிறகுதான் எங்கள் கந்தோருக்கு வந்தார். நான் அனுப்பிய மின்சாரப் பகுதி, அது கட்டடப் பகுதியின் அறை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. கட்டடப் பகுதி எங்களிடம் அனுப்பியது. ஒரு மாதத்தில் மூன்றாம் முறை என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, வீடு கட்ட முதல் கடுதாசியில கீறியிருப்பினம்தானே. அதை ஒருக்காப் பாக்கலாமோ?"

"வெளியாளுக்குக் காட்ட ஏலாது, அக்கா."

"நான் வெளியாளோ? நான் அதுக்குள்ளதானே இருக்கிறன்."

எங்கள் பிரதம லிகிதர் ஜவாஹிர் அன்றைக்கு லீவு. மரியமலர் அவருடைய வெறும் கதிரையைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போறது எத்தினை மணிக்கு?"

அலுமாரியிலிருந்து வரைபடச் சுருளை எடுத்து, தூசு தட்டுவதற்கென்று மேசையில் விரித்தேன். பிறகு தேநீர் குடிக்கப் போனேன். வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தேன். திரும்பி வந்தபோது அவர் நிலத்தில் முழங்காலில் இருந்தார். சட்டை வெட்டுவதற்கு மாதிரி எடுப்பதுபோல ஒரு பழைய பத்திரிகையில், அளவுநாடாவால் அளந்து அளந்து, தையல் சோக்கால் முழு வரைபடத்தையும் இறக்கியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துகளையும் கோடுகள்போலப் பார்த்துக் கீறியிருந்தார்.

"இதில என்ன எழுதியிருக்குதெண்டு உங்களைக் கேக்க மாட்டன். பிறகு உங்களுக்கு வில்லங்கம்," என்று சொல்லி, பத்திரிகையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் நானும் அந்த வரைபடத்தைப் பார்த்தேன். ஐந்து மாதமாக என் கதிரைக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. ஒரு நாளும் திறந்ததில்லை.

மாடிவீட்டில் அந்தப் பத்திரிகை வரைபடத்தைப் படித்துச் சொன்னவர் ஸெய்னுதீன். வேலைத்தளத்தில் வரைபடம் பார்த்துப் பழகிய மனிதர். மண்டையோட்டு அறை இருந்த இடத்தில் விரலை வைத்தாராம்.

"இது பம்ப் அறை," என்றார். "இந்தா, ரெண்டு கூரையிலயும் தண்ணித் தாங்கி. பம்ப் தண்ணிய மேல ஏத்தும். தாங்கியில இருந்து ஒங்கட குசினிக்கு இறங்கும்."

"அப்ப ஏன் ஏத்தேல்லை?"

"அத நான் எப்பிடிச் சொல்லுற?"

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், அல்பிரட் கூரை விளிம்பில் கயிறு கட்டினார். தானே ஏறிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். "நீங்கள் பாத்தா அது நான் பாத்ததாகாது," என்று சொல்லி மரியமலரே ஏறினார். தாங்கி இருந்தது. உள்ளே காகக்கூடும் காய்ந்த சருகும். அடியிலிருந்து ஒரு குழாய் வீடுகளுக்குப் போனது. இன்னொன்று சுவரோடு இறங்கி மண்ணுக்குள் புகுந்தது. புகுந்த இடத்திலிருந்து ஸெய்னுதீனும் அல்பிரட்டும் மண்வெட்டியால் கிளறிக்கொண்டு போனார்கள். மேலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு இறங்கி வந்தார்கள். குழாய் நேராக மண்டையோட்டு அறையை நோக்கிப் போய், சுவருக்கு நாலு முழம் இருக்கும்போது நின்றது. வாயில் ஒரு மரக்கட்டை அடித்திருந்தது.

நாலு முழக் குழாயும் கொஞ்சம் கம்பியும். இருபத்துநாலு வீட்டு ஆண்களில் பிற்றர் இருந்தார், மின்வேலை செய்பவர் இருந்தார், இரும்பு ஒட்டுவேலைக்காரர் இருந்தார். பகலெல்லாம் அரசாங்கத்தின் கப்பல்களுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் வேலை பார்த்துவிட்டு வந்து வாளி தூக்கிக்கொண்டிருந்தவர்கள். அன்றைக்கே பூட்டை உடைத்துவிடலாம் என்று சிலர் துள்ளினார்கள்.

"உடைச்சா நாளைக்கு வேற பூட்டுப் போடுவினம்," என்றார் மரியமலர். "ஏன் பூட்டினவை எண்டு முதல் கேப்பம்."

அவர்கள் எழுதிய முதல் கடிதம் எனக்கு நினைவிருக்கிறது. மேல் பதினாறு வீட்டுக் கையெழுத்து. கீழ்வீடு எட்டும் போடவில்லை. ஜவாஹிர் அதை இரண்டு தரம் வாசித்தார். கெட்ட மனிதர் அல்ல. முப்பது வருடக் கந்தோர் வாழ்க்கை அவரை எதற்கும் பயப்படுகிறவராக ஆக்கியிருந்தது. பழைய கோப்புகளை எடுத்துவரச் சொன்னார். அதில்தான் விஷயம் கிடந்தது. கட்டடப் பகுதி வீடுகளை எங்கள் கந்தோரிடம் ஒப்படைத்தபோது பம்ப் அறை பட்டியலில் விடுபட்டிருக்கிறது. மின்னிணைப்புக்கு யார் பெயரில் விண்ணப்பிப்பது என்று ஒரு கடிதம் போயிருக்கிறது. பதில் வரவில்லை. அதற்குமேல் கோப்பு நகரவில்லை. மின்சாரத்துக்குக் கட்டணம் கட்டும் ஒரு பாவனையாளர் வேண்டும். அந்த அறைக்கு உரியவர் யாரும் இல்லை.

"இத ஆக்கள்ட கையில குடுத்தா, நாளைக்கி கந்தோரையே கேப்பாங்க, குணரத்தினம்," என்றார் என்னிடம். பிறகு பதிலை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பொதுப் பாவனைக்கான இயந்திரத்துக்குத் தனிக் குடியிருப்பாளர் எவரின் பெயரிலும் இணைப்புப் பெற இயலாது என்பது அதன் சாரம்.

நாலாம் நாள் மரியமலர் அந்தக் கடிதத்தோடு வந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. ஒரு சொல்லின் கீழே தையல் சோக்கால் கோடு போட்டிருந்தார்.

"தனிக் குடியிருப்பாளருக்கு ஏலாது எண்டு இருக்குது. தனி இல்லாட்டி?"

"விளங்கேல்லை, அக்கா."

"எல்லாரும் சேந்து ஒரு ஆள் எண்டு எழுத ஏலாதோ? கூட்டுறவுச் சங்கக்கடை அப்பிடித்தானே?"

ஜவாஹிர் அவருடைய மேசையிலிருந்து தலை நிமிர்த்தினார். கண்ணாடியைக் கழற்றினார். அன்று பின்னேரம், நான் கேட்காமலே, ஒரு பழைய சுற்றுநிருபத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். குடியிருப்பாளர் சங்கம் ஒன்று யாப்போடு, அதாவது எழுதிய விதிகளோடு, பதிவு செய்யப்பட்டால், நாலில் மூன்று பங்கு வீடுகள் அங்கத்தவராக இருந்தால், பொதுவான பொருட்களைப் பொறுப்பேற்கலாம்.

இருபத்துநாலில் நாலில் மூன்று பங்கு பதினெட்டு. மேலே இருந்தது பதினாறு.

கீழே இரண்டு வீட்டைப் பிடித்தால் போதும் என்று மேல்தட்டில் எல்லோரும் சொன்னார்கள். மரியமலருக்கு அது சரியாகப் படவில்லை. கீழ்வீட்டார் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதுதான் அவருக்கு இப்போது தெரிய வேண்டியிருந்தது. பரீதாவின் குசினிக்குப் போனார். பரீதா அரிசி களைந்துகொண்டிருந்தார், திரும்பவில்லை.

"நீ நல்ல புள்ளதான் மலர். ஆனா அந்த மிசின் ஓடினா எங்கட பைப்புல தண்ணி நிண்டுபோகும். மேல இழுத்துப்போடும். எங்களுக்கு இரிக்கிறது அது ஒண்டுதான்."

"ஸெய்னுதீன் நானா என்ன சொல்லுறார்?"

உள்ளேயிருந்து ஸெய்னுதீன்தான் பதில் சொன்னார். "அவ சொல்றது பொய்யில்ல. சமைக்கிற நேரம் பம்ப் ஓடினா கீழ இழுக்கத்தான் செய்யும்."

மரியமலர் அன்று வாளி பிடிக்காமலே மேலே போனார். ஐந்து வருடமாகக் கீழ்வீட்டாரைப் பொறாமைக்காரர் என்று நினைத்திருந்தார். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது அவருக்கு வெட்கமாக இருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். இரண்டு நாள் ஒருவரிடமும் கேள்வி கேட்கவில்லையாம். அல்பிரட் பயந்துபோனார்.

மூன்றாம் நாள் கீழ்த்தட்டு எட்டு வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வேண்டுகோள். வாளியைக் குழாயின் கீழ் வைத்து, குழாயை முழுதாகத் திறந்து, நூறு வரை எண்ண வேண்டும். பிறகு வாளியில் தண்ணீர் எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும். காலை, மத்தியானம், பின்னேரம், பொழுதுபடும் நேரம். அளப்பதற்குத் துணிநாடாத் துண்டுகளில் அங்குலம் குறித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்.

"இதால என்ன வரும்?" என்று பரீதா கேட்டார்.

"எனக்குத் தெரியாது ராத்தா. ஆனா தண்ணி எப்ப கூட வருது, எப்ப குறைய வருது எண்டு எங்களில ஒருத்தருக்கும் தெரியாதுதானே."

முதல் நாள் நாலு வீடுதான் அளந்தது. மூன்றாம் நாள் எட்டும் அளந்தன. பெண்கள் வாசலுக்கு வந்து அங்குலத்தை ஒப்பிட்டார்கள். பரீதா, பக்கத்து வீட்டுக்காரி வேகமாக எண்ணுகிறாள் என்று சண்டை பிடித்தார். பிறகு எல்லோரும் தன்னோடு சேர்ந்து சத்தமாக எண்ண வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மத்தியானத்தில் எட்டு வீட்டுக் குசினியிலிருந்தும் ஒரே குரலில் எண்ணுவது வீதிவரை கேட்டதாம். இரண்டு கிழமையில் விடை தெளிவாக இருந்தது. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை, ஊர் சமைத்து முடித்துக் கழுவி ஓய்ந்த நேரத்தில், தண்ணீர் மற்ற நேரத்தைப்போல இரண்டு மடங்கு வந்தது. அந்த நேரத்தில் கீழே யாருக்கும் பெரிதாகத் தேவையும் இல்லை.

முற்றத்தில் கூட்டம் கூடினார்கள். பம்ப் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் மட்டுமே ஓடும் என்று யாப்பில் எழுதுவதென்று முடிவானது. எல்லாம் சரியாகப் போகிறதென்று நினைத்த நேரம் பரீதா எழும்பினார்.

"யாப்புல எழுதலாம். ஆனா அறைப் பூட்டுத் திறப்பு ஆருட கையில? அது எங்கட கையில இரிக்கோணும். கீழ் வீட்டுல."

மேல்தட்டு ஆண்கள் கத்தத் தொடங்கினார்கள். இவ்வளவு நாள் தண்ணீருக்குக் கெஞ்சினோம், இனித் திறப்புக்கும் கெஞ்சுவதோ என்று ஒருவர் கேட்டார். அல்பிரட்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரியமலர் எழும்பி முன்னால் வந்தார்.

"தண்ணி மேல போகுது. திறப்பு கீழ இருக்கட்டும்," என்றார். "இழுக்கிறது அவையின்ர குழாயில இருந்துதானே. பயம் அவைக்குத்தான். பயம் இருக்கிற ஆளிட்டத் திறப்பு இருந்தா என்ன?"

"தராட்டி?"

"தராட்டி நாற்பத்திரண்டு படி எங்களுக்குப் புதுசோ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு சூடு தணிந்தது. அன்றைக்கு இருபத்துமூன்று வீடு கையெழுத்துப் போட்டது. ஒரு கீழ்வீட்டுக்காரர் கடைசிவரை போடவில்லை. அவரை ஒருவரும் வற்புறுத்தவுமில்லை.

சங்கம் பதிவாகி, அதன் பெயரில் மின்னிணைப்புக்கு அனுமதியும் கிடைத்த பிறகு, 1975 ஆவணியில் எங்கள் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தரும் நானும் அறை திறக்கப் போனோம். பூட்டின் திறப்பு எந்தப் பகுதியிடமும் இல்லை. ஸெய்னுதீன் இரும்பு அறுக்கும் சிறிய வாளால் பூட்டை அறுத்தார். முற்றம் நிறைய ஆட்கள். கதவு திறந்ததும் ஒருவரும் உள்ளே போகவில்லை. அந்த மண்டையோடு அப்படிப் பழகியிருந்தது. மரியமலர்தான் முதலில் தலையை நீட்டினார்.

உள்ளே மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றியபடி பம்ப் இருந்தது. மசகுகூடக் காயவில்லை. பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பையும் மேசனின் மட்டப்பலகையும். மண்டையோட்டைக் கீறியது யார், எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை. மரியமலர் அதை விசாரிப்பதை நிறுத்தவும் இல்லை.

வேலை ஐந்து நாள் எடுத்தது. முதல் நாள் ஓட்டியபோது குழாய் மூட்டு பிய்ந்து ஸெய்னுதீன் தலையிலிருந்து கால்வரை நனைந்தார். இரண்டாம் முறை தாங்கியிலிருந்து வந்தது செம்மண் நிறத் தண்ணீர். மூன்றாம் முறை, ஒரு சனிக்கிழமை இரண்டரை மணிக்கு, மேலிருந்து அல்பிரட்டின் குரல் கேட்டது. அந்த மனிதர் அவ்வளவு சத்தம் போட்டதை அந்த மாடிவீட்டில் யாரும் கேட்டதில்லை. "வருது! வருது!" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கத்தினார்.

மரியமலர் அப்போது தன் குசினியில் இல்லை. பரீதாவின் குசினியில், வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இருவரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நூறு வந்ததும் நாடாவை விட்டுப் பார்த்தார்கள். பம்ப் ஓடாத நாளைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. ஆனால் காலையில் வருவதைவிடக் கூட.

"போ புள்ள," என்றார் பரீதா. "மேல போய் ஒன்ட தண்ணியப் பாரு."

அவர் படி ஏறிப் போன விதத்தை நான் கீழே நின்று பார்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் நின்று, சுவரோடு போகும் குழாயில் கையை வைத்து வைத்துப் போனார். உள்ளே ஏதோ ஓடுவது கைக்குத் தெரிந்ததாம். மேலே போனதும் கொஞ்சம் அழுதார் என்று அல்பிரட் சொன்னார். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் மாதங்களில் பரீதா ஒரு நாள்கூடத் திறப்போடு பிந்தவில்லை. சரியாக இரண்டு மணிக்குச் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு வருவார். நோன்பு காலத்திலும் வந்தார். சங்கம் தண்ணீரோடு நிற்கவில்லை. படிக்கு விளக்குப் போட்டார்கள். குப்பைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. எங்கள் கந்தோர் கூரை திருத்த ஆள் அனுப்பினால், வேலை சரியா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது சங்கம் என்றானது. அதற்கு ஜவாஹிரைச் சம்மதிக்க வைக்க ஒன்றரை வருடம் எடுத்தது. சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து நாலு பெண்கள் கொப்பியோடு வந்து, எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டார்கள். மரியமலர் பதில் சொல்லாமல், அவர்களுடைய தண்ணீர் எங்கேயிருந்து வருகிறதென்று திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

சங்கத்தின் செயலாளராக இருந்தவர் அவர்தான். யாப்பு எழுதும்போது, ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஒரு விதி போடச் சொன்னவரும் அவர். 1980இல், கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எனக்கும் அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"தம்பி, அந்த அஞ்சு வருச விதி… அதுக்கு விலக்கு ஏதும் இருக்குதோ?"

"நீங்கள் எழுதினதுதானே, அக்கா."

"ஓம். நல்லா வேலை செய்யிற ஆளையும் அது வெளியில போடுமெண்டு அப்ப யோசிக்கேல்லை." சிரிக்க முயன்றார். முடியவில்லை. அவரைக் கவலையோடு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ஐந்து வருடம் கேள்வி கேட்க ஒரு கதிரையும் ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தது. அவை போவது வலித்தது. வலிப்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "நான் இதை ஆசைப்பட்டனான் போல," என்றார், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

கூட்டத்தில் புதிய செயலாளராக மரியமலரே பரீதாவின் பெயரை முன்மொழிந்தார். எதிர்த்து ஒரு மேல்தட்டுக்காரர் நின்றார். பரீதா பதினான்கு வீட்டு வாக்குப் பெற்று வென்றார். அவருக்கு எழுத வராது, மகள் எழுதிக் கொடுப்பாள் என்று ஏற்பாடு. இரண்டு கிழமை மரியமலர் கூட்டத்துக்குப் போகவில்லை. தையல் நிறைய இருக்கிறதென்று சொன்னார். உண்மையிலும் நிறைய இருந்தது. புடவைத் தட்டுப்பாடு தீர்ந்து கடைகளில் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்த காலம் அது. மூன்றாம் கிழமை போய்ப் பின்வரிசையில் இருந்தார்.

1982இல் எனக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தது. விடைபெறப் போனபோது முற்றத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கழிவுநீர்க் கானைப் பற்றிய கதை. கானைத் துப்புரவாக்க யாரைப் பிடிப்பதென்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் மரியமலர் கையை உயர்த்தினார்.

"கான் எங்க போய் முடியுதெண்டு ஆராவது பாத்தனீங்களோ?"

செயலாளர் பரீதா கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார். "நாளைக்கி மத்தியானம் நானும் நீயும் போய்ப் பாப்பம். இப்ப இரி, மத்த ஆக்களும் கதைக்கட்டும்."

மரியமலர் கையை இறக்கினார். எனக்குக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். கூட்டம் முடியும்வரை நானும் இருந்தேன்.